தாடி வெச்சவன் எல்லாம் ஹிப்ஸ்டரா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கையில் காபி இருந்தால் நலம். அது எத்தனை டாலர் காபி என்பதில்தான் மேட்டரே இருக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தாடி வெச்சவன் எல்லாம் ஹிப்ஸ்டர் இல்லை. கியர் இல்லாத சைக்கிள் ஓட்டுறவன், கட்டம் போட்ட சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போடுறவன், எல்பி ரெக்கார்ட் வாங்குறவன், இவங்க யாருமே அந்தக் காரணத்துக்காக ஹிப்ஸ்டர் ஆகிவிட மாட்டார்கள். எங்கள் ஆபீஸ் லஞ்ச் டேபிளில் இது மாதாமாதம் நடக்கிற பட்டிமன்றம். யாராவது ஒருத்தர் "புரூக்ளின் பக்கம் போனேன்பா, ஒரே ஹிப்ஸ்டர் கூட்டம்" என்று ஆரம்பிப்பார். ஹிப்ஸ்டர்னா என்னன்னு கேட்டால் உடனே லிஸ்ட் வரும். தாடி, டாட்டூ, கண்ணாடி, டைட் ஜீன்ஸ், ஓட்ஸ் பால். அடுத்த வரியில் "இவனுங்க வந்துதான் ஏரியா வாடகையே ஏறிப்போச்சு" என்று தீர்ப்பு. கேஸ் குளோஸ்டு.

லிஸ்ட்டும் தப்பு, தீர்ப்பும் தப்பு. லிஸ்ட் தப்பானால் பரவாயில்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை. தீர்ப்பு தப்பானால் உண்மையான ஆள் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஹாயாக நடந்து போய்விடுவான். அதனால்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பழைய கதை பார்ப்போம். இந்த வார்த்தை நம்ம காலத்துச் சரக்கு இல்லை. 1930, 40-களில் ஜாஸ் இசைக்காரர்கள் நடுவே புழங்கிய வார்த்தை. "ஹெப்", "ஹிப்" என்றால் விஷயம் தெரிந்தவன், உள்ளாள். கேப் கேலோவே என்ற கறுப்பினப் பாடகர் 1938-லேயே இந்தக் குழூஉக்குறிகளுக்கு ஒரு குட்டி அகராதியே போட்டார். அந்த உலகம் கறுப்பர்களுடையது. வெளியே போனால் போலீஸ், ஓட்டல் வாசலில் தடை, வேலையில் கடைசி இடம். அந்த நிலைமையில் தங்களுக்குள் ஒரு பாஷை, ஒரு நடை, ஒரு அலட்சியம் வைத்துக்கொண்டார்கள். அது ஃபேஷன் இல்லை, கவசம்.

அப்புறம் வெள்ளைக்காரப் பசங்க வந்தாங்க. ஜாஸ் கேட்டார்கள், அதே மாதிரி பேசினார்கள், அதே மாதிரி உடுத்தினார்கள். 1948-ல் அனடோல் பிராயார்ட் இந்த ஹிப்ஸ்டரைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். 1957-ல் நார்மன் மெய்லர் எழுதிய "தி ஒயிட் நீக்ரோ" கட்டுரை ரொம்பப் பிரபலம். கறுப்பர் ஒவ்வொரு நாளும் ஆபத்தோடு வாழ்கிறார், அதில் ஒரு விடுதலை இருக்கிறது, வெள்ளை ஹிப்ஸ்டர் அதைக் கடன் வாங்குகிறான் என்கிற ரேஞ்சுக்குப் பில்டப். படித்துப் பாருங்கள், எரிச்சல் வரும். ஆபத்தோடு வாழ்கிறவரைக் கேட்டால் அல்லவா தெரியும் அதில் எத்தனை விடுதலை இருக்கிறதென்று? கேட்கத் தேவையே இல்லாமல் 1961-ல் ஜேம்ஸ் பால்ட்வின் பதில் எழுதினார். மரியாதையோடுதான் எழுதினார், ஆனால் சுளுக்கு எடுத்துவிட்டார்.

இந்தப் பழைய ஹிப்ஸ்டர் அறுபதுகளில் காணாமல் போய் ஹிப்பி ஆகிவிட்டான். வார்த்தை தூங்கிவிட்டது. 1999 வாக்கில் நியூயார்க்கில் மறுபடி எழுந்தது. அப்போது நான் டிரவுசர் கூடப் போட ஆரம்பிக்கவில்லை, அதனால் புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்கிறேன். 2003-ல் ராபர்ட் லேன்ஹாம் "ஹிப்ஸ்டர் ஹேண்ட்புக்" என்று கேலிப் புத்தகம் போட்டார். 2010-ல் மார்க் கிரீஃபும் நண்பர்களும் "ஹிப்ஸ்டர் என்பவன் யாராக இருந்தான்" என்று இறந்த காலத்தில் தலைப்பு வைத்து, கருமாதிப் பத்திரிகை மாதிரி ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். கிரீஃப் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜாஸ் காலத்து ஹிப்ஸ்டர் கறுப்பரைக் காப்பி அடித்தான். 1999-ன் ஹிப்ஸ்டர் காப்பி அடித்தது ஏழை வெள்ளைக்காரனை! லாரி டிரைவர் போடுகிற வலைத்தொப்பி. எழுபதுகளின் மீசை. மலிவான பாப்ஸ்ட் ப்ளூ ரிப்பன் பீர். கையில்லாத வெள்ளை பனியன்.

ஆமாங்க, பனியன். நம்ம தாத்தா திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொள்ளும்போது போட்டிருப்பாரே, அதே பனியன். திருப்பூர்க்காரர்கள் யாராவது படித்தால் சிரிக்காதீர்கள்.

அந்த பீர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாப்ஸ்ட் என்பது மில்வாக்கி ஊரின் தொழிலாளி குடிக்கிற பீர் என்று பெயர். அதனால்தான் ஹிப்ஸ்டர்கள் அதைத் தேடிப்பிடித்துக் குடித்தார்கள், 2000-களில் விற்பனை எழுந்து உட்கார்ந்தது. ஆனால் கம்பெனி தன் மில்வாக்கி ஆலையை 1996-லேயே மூடிவிட்டது! அதற்கப்புறம் வேறு கம்பெனிகளின் ஆலைகளில் காய்ச்சி வாங்கி தன் லேபிளை ஒட்டினார்கள். அதாவது, தொழிலாளியின் பீரை ஊரே கொண்டாடியபோது அந்தத் தொழிலாளிக்கு வேலை போய் வருஷக்கணக்காகியிருந்தது. லேபிளில் மட்டும் அவன் இருந்தான்.

இங்கேதான் என் வரையறை. அடுத்தவனுக்கு வேற வழியில்லாததால் அமைந்த வாழ்க்கையை, வேற வழி இருக்கிறவன் ஆசைப்பட்டு எடுத்து மாட்டிக்கொள்வது. இது முதல் பாதி.

உடனே நீங்கள் கேட்பீர்கள், "அப்ப காந்தி?" நல்ல கேள்வி. 1921-ல் நம்ம மதுரையில்தான் காந்தி முழு உடையை விட்டு அரையாடைக்கு மாறினார். லண்டனில் படித்த பாரிஸ்டர், ஏழை விவசாயியின் உடையைத் தானாக விரும்பி எடுத்துக்கொண்டார். முதல் பாதிப்படி பார்த்தால் காந்தி ஹிப்ஸ்டர்தான்! ஆனால் அவரைப் பார்த்து நாலு பேர் கதர் கட்டினால் அவருக்குச் சந்தோஷம். நாற்பது கோடிப் பேரும் கட்டினால் இன்னும் சந்தோஷம். ஹிப்ஸ்டருக்கு நாலு பேர் கட்டினாலே வயிறு எரியும். "நான் அப்பவே கட்டிட்டேன்" என்பான். நாற்பது பேர் கட்டினால் கழற்றிப் போட்டுவிடுவான். ஆக இரண்டாம் பாதி இது: தனக்கு முன்னாடியே தெரியும் என்பதுதான் அவனுக்குச் சொத்து, மற்றவர்களுக்குத் தெரிந்த அன்றே அந்தச் சொத்து காலி.

இந்த இரண்டும் சேர்ந்தால் ஹிப்ஸ்டர். ஒன்று மட்டும் இருந்தால் இல்லை. சந்தேகம் இருந்தால் வில்லியம்ஸ்பர்க்கின் தெற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே சாட்மர் பிரிவு ஹசிடிக் யூதர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். ஹிப்ஸ்டரை விட நீளமான தாடி, கறுப்புத் தொப்பி, பழங்காலக் கோட்டு. தெரியாதவன் போட்டோவைப் பார்த்தால் குழம்பிவிடுவான். ஆனால் அந்தத் தாடியைத் தாத்தாவும் வைத்திருந்தார், பேரனும் வைப்பான், ஃபேஷன் மாறினாலும் வைப்பான். இந்த இரண்டு தாடிகளுக்கும் 2009-ல் ஒரு சண்டை நடந்தது. பெட்ஃபோர்ட் அவென்யூவில் ஹசிடிக் பகுதி வழியாகப் போன சைக்கிள் பாதையில் 14 பிளாக் நீளத்தை நகர நிர்வாகம் அழித்துவிட்டது. கோபம் வந்த சைக்கிள் கோஷ்டி ராத்திரியோடு ராத்திரியாகப் பெயின்ட் டப்பாவை எடுத்துப் போய் மறுபடியும் கோடு போட்டு, ஹசிடிக் ஊர்க்காவல் குழுவிடம் மாட்டிக்கொண்டது. ஒரே தெரு, ரெண்டு தாடி. அர்த்தம் மட்டும் வேற வேற.

சரி, "எல்லாரும் தனித்துவம் தனித்துவம்னு சொல்லிட்டு எப்படிங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க?" இதற்கு நம்ம ஆட்களுக்குப் பிடிக்கிற பதில் ஒன்று இருக்கிறது. கணக்கு!

ஜோனதன் டூபுல் என்ற கணித ஆய்வாளர் 2014-ல் இதற்கென்றே ஒரு மாடல் போட்டார். சாரம் இதுதான். ஒரு கூட்டத்தில் சிலர் பெரும்பான்மையைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள், சிலர் பெரும்பான்மைக்கு நேர்மாறாகச் செய்கிறவர்கள். ஆனால் பெரும்பான்மை என்ன செய்கிறது என்பது யாருக்கும் உடனே தெரியாது, கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். அந்தத் தாமதம் ஒரு அளவைத் தாண்டியதும், எதிர்த்துச் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தாவுகிறார்கள். தாவி முடித்துப் பார்த்தால் இப்போது அதுதான் கூட்டம். மறுபடி எல்லாரும் சேர்ந்து இந்தப் பக்கம். ஊசல் மாதிரி. யாரும் யாரையும் காப்பி அடிக்கவில்லை, ஆனாலும் எல்லாரும் ஒரே மாதிரி. தினமும் நியூஜெர்சியிலிருந்து கார் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். ஹாலண்ட் டனலில் நெரிசல் என்று போன் சொல்கிறது. புத்திசாலிகள் எல்லாரும் லிங்கன் டனலுக்குத் திரும்புகிறார்கள். போய்ச் சேர்ந்தால் அங்கே புத்திசாலிகள் மாநாடு. டைம்அவுட் ஆனவுடன் எல்லா கிளையன்ட்டும் ஒரே நேரத்தில் ரீட்ரை பண்ணி சர்வரைப் படுக்க வைப்பது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது? அதே கதைதான்.

இதற்கு ஒரு கிளைமாக்ஸ் உண்டு. 2019-ல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இந்த ஆய்வைப் பற்றிக் கட்டுரை போட்டு, கூடவே தாடியும் கம்பளித் தொப்பியுமாக ஒரு ஆளின் ஸ்டாக் போட்டோவைப் போட்டது. உடனே ஒருத்தர் கொந்தளித்து மெயில் அனுப்பினார், "என் அனுமதி இல்லாமல் என் போட்டோவை எப்படிப் போடலாம்?" என்று. விசாரித்தால் போட்டோவில் இருந்தது அவரே இல்லை! வேறு யாரோ. தன் முகமே தனக்கு அடையாளம் தெரியவில்லை. டூபுல் இன்னொரு நிரூபணம் எழுதத் தேவையே இல்லாமல் போய்விட்டது. அவ்வ்வ்.

சிரித்தாச்சா? இனி சீரியஸ்.

ஹிப்ஸ்டர் எங்கே வளர்கிறான் என்பதற்கு லஞ்ச் டேபிள் பதில், "எங்கே நல்ல காபிக் கடை இருக்கோ அங்கே." இல்லை. காபிக் கடை ரிசல்ட், காரணம் இல்லை. ஒரு மேப்பை எடுத்து வில்லியம்ஸ்பர்க்கைப் பாருங்கள். எல் ரயிலில் பெட்ஃபோர்ட் அவென்யூவில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மன்ஹாட்டன், ஆற்றுக்கு அடியில் ஒரே ஸ்டாப். அந்தப் பக்கம் ஏற்கெனவே வாடகை ஏறிப்போன ஈஸ்ட் வில்லேஜ். இந்தப் பக்கம் பெரிய பெரிய ஜன்னல் வைத்த பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள், கோடவுன்கள். அப்புறம் முக்கியமாக, வாடகை ஏற்றினால் வக்கீல் வைத்துச் சண்டை போட வசதியில்லாத குடியிருப்பாளர்கள். இது நாலும் இருந்தால் போதும், காபி தானாக வரும்.

ஊர் ஊராக இதே டெம்ப்ளேட்தான். லண்டன் ஷோர்டிச்: மரச்சாமான் பட்டறைகள் இருந்த பழைய கட்டடங்கள், நடக்கிற தூரத்தில் வங்கிகள், பக்கத்திலேயே பிரிக் லேன் வங்காளிகள். பெர்லின் க்ராய்ட்ஸ்பெர்க்: சுவரை ஒட்டிக் கிடந்த ஏரியா, துருக்கியிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன்: மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கக் குடும்பங்கள். போர்ட்லாண்டைப் பற்றி மட்டும் இன்னும் ரெண்டு வரி. "போர்ட்லாண்டியா" என்று 2011-லிருந்து 2018 வரை டிவி தொடரே எடுத்துச் சிரித்தார்கள், நல்ல தொடர்தான். ஆனால் அந்த ஊரின் ஹிப்ஸ்டர் தெருக்களான மிஸிஸிப்பி அவென்யூவும் ஆல்பர்ட்டா தெருவும் இருப்பது ஆல்பினா பகுதியில். வேறெங்கும் வீடு கொடுக்க மறுத்து, கறுப்பர்களை ஒதுக்கி வைத்த பகுதி அது. கறுப்பர்கள் குடியேறக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த மாநிலம் ஆரிகன். ஒதுக்கி வைத்த இடத்தையும் நெடுஞ்சாலைக்கும் ஆஸ்பத்திரி விரிவாக்கத்துக்கும் என்று இடித்தார்கள். மிச்சமிருந்ததை 2000-க்கு மேல் ஹிப்ஸ்டர்கள் "கண்டுபிடித்தார்கள்". 2000-லிருந்து 2010-க்குள் நகரத்தின் நடுப்பகுதியை விட்டு, பெரும்பாலும் கறுப்பர்களாக, ஏறத்தாழ 10,000 பேர் வெளியேறினார்கள். டிவி தொடரில் இந்த எபிசோடு வராது.

மறுபடி வில்லியம்ஸ்பர்க். அதன் தெற்குப் பகுதிக்கு ஸ்பானிஷில் "லாஸ் சூரெஸ்" என்று பேர். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள், அப்புறம் டொமினிக்கன்கள். அந்தக் காலத்தில் அங்கே பீர் ஆலை, மருந்து ஆலை, சர்க்கரை ஆலை எல்லாம் இருந்தன, வேலை இருந்தது. ஆலைகள் மூட ஆரம்பித்தன. எழுபதுகளில் வீட்டு உரிமையாளர்களே கட்டடங்களைக் கைவிட்டு ஓடினார்கள், சிலது எரிந்தது. அப்போது ஓடாமல் இருந்தவர்கள் இந்தக் குடும்பங்கள்தான். 1972-ல் லாஸ் சூரெஸ் என்ற பேரிலேயே ஒரு அமைப்பு தொடங்கி, கைவிட்ட கட்டடங்களைத் தாங்களே பொறுப்பெடுத்துப் பழுதுபார்த்தார்கள். 1984-ல் டியேகோ எச்செவெரியா எடுத்த "லாஸ் சூரெஸ்" ஆவணப்படம் இருக்கிறது, கிடைத்தால் பாருங்கள். பத்து நிமிஷத்தில் உங்களுக்கு ஒன்று தெரிந்துவிடும். அந்த ஏரியா ஒருநாளும் காலியாக இருக்கவில்லை.

"காலியாக் கிடந்த ஏரியாவை ஆர்ட்டிஸ்ட்டுங்க வந்து உயிர் கொடுத்தாங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு வருகிற கோபம் இருக்கே. உயிர் கொடுத்தவர்கள் வாளி எடுத்து வந்து தீயை அணைத்தவர்கள் சாமி. கிட்டார் எடுத்து வந்தவர்கள் இல்லை.

அதே ஆற்றங்கரையில்தான் டொமினோ சர்க்கரை ஆலை. அதன் பெரிய செங்கல் கட்டடம் 1880-களில் எழுந்தது. 1999-ல் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இருபது மாதம்! நியூயார்க்கின் மிக நீண்ட வேலைநிறுத்தங்களில் ஒன்று. 2001-ல் தோற்று உள்ளே போனார்கள். 2004-ல் சுத்திகரிப்பு ஆலையே மூடப்பட்டது. வருஷத்தைக் கவனியுங்கள். 1999-லிருந்து 2004. அதே வருஷங்களில், அதே தெருக்களில், கல்லூரி முடித்த பசங்கள் லாரி டிரைவர் தொப்பி போட்டுக்கொண்டு தொழிலாளி பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் நிஜத் தொழிலாளிகள் குளிரில் ஆலை கேட்டில் நின்றிருந்தார்கள். 2014-ல் ஆலையை இடிக்கும் முன், காரா வாக்கர் என்ற கறுப்பினக் கலைஞர் உள்ளே சர்க்கரை பூசிய பிரம்மாண்டமான ஒரு கறுப்புப் பெண் ஸ்ஃபிங்ஸ் சிலையை வைத்தார். கரும்புத் தோட்ட அடிமைகளின் நினைவாக. கியூ கட்டி வந்தவர்களில் சிலர் அந்தச் சிலையின் உடம்பைக் கிள்ளுவது மாதிரி போஸ் கொடுத்து செல்ஃபி எடுத்துப் போட்டார்கள். வேறென்ன சொல்ல. இப்போது அந்தச் செங்கல் சுவருக்குள் கண்ணாடிக் கட்டடம் வைத்து ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள், 2023-ல் திறந்தார்கள்.

இனி தீர்ப்புக்கு வருகிறேன். "ஹிப்ஸ்டர் வந்தான், வாடகை ஏறியது." சரியா?

வாடகை ஏறியது உண்மை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபர்மன் மையம் 2016-ல் போட்ட கணக்குப்படி, 1990-க்கும் 2010-14-க்கும் இடையில் வில்லியம்ஸ்பர்க்-கிரீன்பாயின்ட்டில் சராசரி வாடகை சுமார் 79 சதம் ஏறியது. நகரம் முழுக்கப் பார்த்தால் 22 சதம்தான். ஆனால் பனியன் போட்ட ஒரு டிரம்மர் இதைச் செய்ய முடியுமா? அவனே நாலு பேரோடு ஒரு லாஃப்டில் படுத்துக்கிடந்தவன்.

செய்தவர்களுக்குப் பேர் இருக்கிறது, தேதி இருக்கிறது. 2005 மே மாதம், மேயர் புளூம்பெர்க் நிர்வாகம் கிரீன்பாயின்ட்-வில்லியம்ஸ்பர்க்கில் 170-க்கும் மேற்பட்ட பிளாக்குகளின் மண்டல விதியை மாற்றியது. ஆற்றங்கரையில் தொழிற்சாலை மட்டும் இருக்கலாம் என்ற இடத்தில் முப்பது, நாற்பது மாடிக் குடியிருப்பு கட்டலாம் என்று ஆனது. குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு ஒதுக்குவது கட்டாயம் இல்லை, ஒதுக்கினால் கூடுதல் மாடி கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கும் முன்னாடி, தொண்ணூறுகளிலேயே மாநில அரசு வாடகைக் கட்டுப்பாட்டில் ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தது. வீடு காலியாகி, வாடகை ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் அது கட்டுப்பாட்டிலிருந்தே வெளியே போய்விடும். அப்படியானால் உரிமையாளருக்கு என்ன ஆசை வரும்? எப்படியாவது வீட்டைக் காலி பண்ண வைக்க வேண்டும். 2015-ல் புரூக்ளினில் இரண்டு உரிமையாளர்களைக் கைது செய்தார்கள். கட்டுப்பாட்டு வாடகைக்காரர்களை விரட்டுவதற்காக வீட்டின் சமையலறையையும் குளியலறையையும் உடைத்துப் போட்டிருந்தார்கள். குடும்பம் உள்ளே குடியிருக்கும்போதே! அடுத்த வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க மாநில சட்டமன்றத்துக்கு 2019 வரை ஆனது.

இந்த லிஸ்ட்டில் தாடி எங்கே இருக்கு, சொல்லுங்க?

அதற்காக ஹிப்ஸ்டருக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. அவன் வேலை வேற. ஏரியாவுக்குப் புதுப் பேர், புது வாசனை கொடுப்பது. பில்டர் போடும் பிரௌஷருக்கு அவன்தான் மாடல், சம்பளம் வாங்காத மாடல். இதைக் கொள்கையாகவே சொன்னவர் ரிச்சர்ட் ஃப்ளோரிடா. 2002-ல் புத்தகம் போட்டு, "படைப்பாளி வர்க்கத்தை இழுங்கள், நகரம் செழிக்கும்" என்று ஊர் ஊராக மேயர்களுக்கு ஜல்லியடித்தார். மேயர்களும் சைக்கிள் பாதையும் ஓவியத் திருவிழாவுமாக இழுத்தார்கள். 2017-ல் அவரே இன்னொரு புத்தகம் போட்டு, நகரங்களில் ஏற்றத்தாழ்வு பயங்கரமாகிவிட்டது என்றார். ரெண்டு புத்தகத்துக்கும் ராயல்டி அவருக்குத்தான். வீடு போனவனுக்கு என்ன வந்தது?

கடைசியில் ஹிப்ஸ்டரும் வெளியே. 2014 ஒரே வருஷத்தில் வில்லியம்ஸ்பர்க்கின் கென்ட் அவென்யூ பக்கம் 285 கென்ட், டெத் பை ஆடியோ, கிளாஸ்லேண்ட்ஸ் என்று மூன்று இசைக்கூடங்கள் மூடின. கடைசி இரண்டும் இருந்த கட்டடத்துக்குக் குடிவந்தது வைஸ் கம்பெனி. ஹிப்ஸ்டர் வாழ்க்கையைப் பத்திரிகையாக விற்றே பெரிய ஆளான அதே வைஸ்! 2023-ல் அந்த வைஸே திவால் மனு போட்டது. 2016-ல் பெட்ஃபோர்ட் அவென்யூவில் ஹோல் ஃபுட்ஸும் ஆப்பிள் ஸ்டோரும் வந்தாச்சு.

அப்ப இப்போது அங்கே நாலாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஒரு பெட்ரூமில் இருப்பது யார்? லஞ்ச் டேபிள் நண்பர்களுக்கு இங்கேதான் காது கேட்காமல் போய்விடும். நாமதான் மக்களே. ஃபைனான்ஸ்காரர்களும் சாஃப்ட்வேர்காரர்களும். எங்கள் டேபிளில் ஹிப்ஸ்டரைத் திட்டும் ஆறு பேரில் மூன்று பேர் அந்த ஆற்றங்கரை டவர்களில் குடியிருக்கிறார்கள். ஜிம் இருக்கு, டோர்மேன் இருக்கு, "ஏரியா சூப்பர் வைப்" என்று வேறு சொல்கிறார்கள். அந்த வைப் யாருடையது? அதற்காக அவர்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை, எல்லாருக்கும் எங்கேயாவது வீடு வேண்டும். தாடிக்காரனைக் கை காட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அவனைக் கை காட்டினால் யாருக்கும் சங்கடம் இல்லை. டவர் கட்டியவருக்கு இல்லை, விதியை மாற்றியவருக்கு இல்லை, பத்தாவது மாடியில் இருக்கிற நமக்கும் இல்லை. இவ்வளவு வசதியான வில்லன் கிடைத்தால் விடுவார்களா?

போன மாசம் அங்கே ஒரு கடையில் "கோல்டன் மில்க்" ஏழு டாலர் என்று போர்டு பார்த்தேன். மஞ்சள் பால். சளி பிடித்தால் அம்மா விரட்டி விரட்டிக் கொடுப்பாரே, அது. இந்த மஞ்சளுக்கே 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, இந்திய அரசின் சிஎஸ்ஐஆர் சண்டை போட்டு 1997-ல் ரத்து பண்ண வைத்தது தனிக்கதை, தனிப்பதிவே போடலாம். கூட வந்த நண்பர் கொதித்தார், "நம்ம பாட்டி வைத்தியத்தைத் திருடிட்டானுங்க பாரு!" என்று. எனக்குக் கோபம் வரவில்லை. நம் அம்மாவிடமிருந்து மஞ்சள் டப்பாவை யாரும் பிடுங்கவில்லை, ஈரோட்டில் மஞ்சள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பால் ரெசிப்பியைக் காப்பி எடுத்தால் ஒரிஜினல் அப்படியே இருக்கும். வீட்டைக் காப்பி எடுக்க முடியாது. ஒருத்தர் வெளியே போனால்தான் இன்னொருத்தர் உள்ளே வர முடியும். கலாசாரத் திருட்டு என்று காபி டம்ளருக்கும் மஞ்சள் பாலுக்கும் கத்துகிற நேரத்தில் கொஞ்சத்தை வாடகைச் சட்டத்தைப் படிக்கச் செலவு பண்ணலாம்.

ஹிப்ஸ்டர் என்ற வார்த்தையை இப்போது கல்லூரிப் பசங்கள் சொன்னால் சிரிக்கிறார்கள், அங்கிள் வார்த்தையாம். ஆனால் சரக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் சிடியை விட எல்பி ரெக்கார்ட் எண்ணிக்கையில் அதிகம் விற்றது, 1987-க்குப் பிறகு முதல் முறையாக. பழைய மரப் பலகை, தொங்கும் மஞ்சள் பல்பு, கரும்பலகையில் மெனு என்று எந்த நாட்டு ஏர்போர்ட்டில் இறங்கினாலும் அதே காபிக் கடை. ஹிப்ஸ்டரிடம் இருந்த ரெண்டு பாதியில் முதல் பாதி மட்டும் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது, அவ்வளவுதான்.

எல் ரயில் இன்னும் கிழக்கே போகிறது. மார்கன், ஜெஃபர்சன் என்று புஷ்விக் ஸ்டேஷன்கள் முடிந்து இப்போது ரிட்ஜ்வுட் பக்கம் பேச்சு ஓடுகிறது. எங்கள் டீம் நண்பர் ஒருத்தர் அங்கே வீடு பார்த்துவிட்டு வந்து, "இன்னும் யாருக்கும் தெரியாத ஏரியாடா, இப்பவே பிடிச்சுடணும்" என்றார். அவருக்குத் தாடி கிடையாது. தினமும் ஷேவ் பண்ணுகிறவர். மாத்துக்கருத்து இருந்தால் வந்து போட்டுத் தாக்குங்கள், வாடகை ரசீதோடு வந்தால் இன்னும் நல்லது.